அத்தியாயம் 6: கட்டிய பணம் கணக்கில் ஏறவில்லையா?

செட்டிநாட்டுக் கடைகளில் அந்தக் காலத்தில் நாள்வழியைக் கூட்டி, பெட்டியில் உள்ள ரொக்கத்தை எண்ணி, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் விளக்கை அணைப்பார்கள். பத்து ரூபாய் குறைந்தால் தேடுவார்கள். பத்து ரூபாய் கூடினாலும் அதே அக்கறையோடு தேடுவார்கள். கூடியிருந்தால் யாருடைய வரவையோ எழுத மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வங்கியும் அதே கணக்கில்தான் நடக்கிறது. நீங்கள் கட்டிய பணம் உங்கள் கணக்கில் ஏறவில்லை என்றால், அது கேஷியர் பெட்டியில் கூடுதலாக நிற்க வேண்டும். அல்லது டெபாசிட் மிஷினுக்குள் இருக்க வேண்டும். அல்லது இன்னொருவர் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லையென்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியையே தேட வைப்பது உங்கள் வேலை. அதற்கான வரிசையைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

நம் பக்கத்துக்கு வங்கி புதிதில்லை. 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோதே சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் கிளை திறந்தார்கள். அன்று கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவருக்கு உங்கள் தாத்தாவின் முகம் தெரிந்திருக்கும். இன்று இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஏசி அறையில் ஒரு மிஷினிடம் பணத்தைக் கொடுக்கிறோம். அதற்கு முகம் தெரியாது. அங்கே சீட்டு ஒன்றுதான் சாட்சி.

## முதலில்: உங்கள் சிக்கல் எந்த வகை?

புகார் எழுதும் முன் இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வகை மாறினால் கேட்க வேண்டிய ஆவணமும் மாறும்.

- மிஷின் விழுங்கியது: நோட்டை உள்ளே வாங்கிக்கொண்டது, வரவும் வைக்கவில்லை, திருப்பியும் தரவில்லை.
- தொகை குறைந்தது: 25,000 போட்டீர்கள், 24,500 மட்டும் ஏறியிருக்கிறது.
- கவுன்ட்டரில் விட்டுப்போனது: செலானில் சீல் இருக்கிறது, பாஸ்புக்கில் வரவு இல்லை.
- வேறு கணக்கில் ஏறியது: கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறியிருக்கிறது.
- இடையில் ஒருவர்: கடைப் பையன், குழுத் தலைவி, வங்கி முகவர் என யாரிடமோ கொடுத்து அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை.

## மிஷின் முன்னால்: முதல் பத்து நிமிடம்

1. நகராதீர்கள். திரை உறைந்து நின்றாலும், மிஷின் ஒன்றிரண்டு நிமிடம் கழித்து மூடியைத் திறந்து நோட்டைத் திருப்பித் தரலாம். நீங்கள் கோபத்தோடு வெளியே போய்விட்டால் அடுத்து வருபவர் கையில்தான் அது கிடைக்கும்.
2. மூடிக்குள் விரலையோ பேனாவையோ விடாதீர்கள். விரல் நசுங்கும், மிஷினைச் சேதப்படுத்தியதாக உங்கள் மேலேயே குற்றம் திரும்பும்.
3. படம் எடுங்கள். திரையில் உள்ள வாசகம், மிஷின் மேல் ஒட்டியிருக்கும் அடையாள எண் இரண்டும் தெரிய வேண்டும். பக்கத்தில் நிற்பவர்களைப் படம் பிடிக்க வேண்டாம்.
4. சீட்டு வந்தால் எடுங்கள். 'பரிவர்த்தனை தோல்வி' என்று வந்த சீட்டைக் கசக்கி எறிபவர்கள்தான் அதிகம். உங்களுக்கு மிகவும் வேண்டிய காகிதமே அதுதான்.
5. நோட்டு விவரத்தை உடனே குறியுங்கள். 500 ரூபாய் 48, 200 ரூபாய் 5, ஆக 25,000. நேரத்தையும் எழுதுங்கள். மறுநாள் 'அரை கட்டு இருக்கும் சார்' என்று சொன்னால் எடுபடாது.
6. கிளை திறந்திருந்தால் உள்ளே போங்கள். மூடியிருந்தால், உங்கள் கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ அச்சிட்டுள்ள எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. அதற்காகத் திங்கள்வரை காத்திருக்க வேண்டாம். போன் புகாரை அன்றே போடுங்கள்.
7. அதே மிஷினில் மறுபடி முயலாதீர்கள்.

> குறிப்பு: நோட்டை எண்ணி முடித்ததும், 500 எத்தனை, 200 எத்தனை என்று மிஷின் திரையில் காட்டும். ஒரு நோட்டு குறைந்தாலும் அங்கேயே 'ரத்து' அழுத்தி நோட்டை வெளியே வாங்கிவிடுங்கள். 'சரி' அழுத்திய பிறகு, அந்த எண்ணிக்கையை நீங்களே ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடும். கார்டு இல்லாமல் கணக்கு எண்ணைத் தட்டிப் போடும்போது பெயரும் வரும். அதைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

## கவுன்ட்டரில் கட்டும்போது

சீல் விழும்வரை கவுன்ட்டரை விட்டு விலகக் கூடாது. கூட்டமான நாளில், "தம்பி, நான் பஸ்ஸைப் பிடிக்கணும், சீட்டை நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று ஆச்சி பணத்தை நீட்டுவார். கேஷியர் நல்லவர்தான், ஆனால் அன்று அவர் எண்ணும் கட்டுகள் நூறு. இருவரில் யாருக்கு மறதி வந்தாலும் ஆச்சியிடம் காட்ட எதுவும் இருக்காது.

உங்கள் கையில் வரும் செலான் துண்டில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்:

1. கணக்கு எண், பெயர்
2. தொகை, எண்ணாலும் எழுத்தாலும்
3. அன்றைய தேதியோடு சீல்
4. கேஷியர் கையெழுத்து

கள்ளநோட்டு என்று ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டால், அதற்கு ரசீது தர வேண்டியது வங்கியின் கடமை. அந்த நோட்டுக்கு வரவு கிடைக்காது. தொகை ஏன் குறைந்தது என்பதற்கான ஆதாரம் அந்த ரசீதுதான். ஒரே தடவையில் 5 அல்லது அதற்கு மேல் கள்ளநோட்டு இருந்தால் விஷயம் போலீசுக்குப் போகும். எனவே மொத்த வசூலை வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

### தெரிந்தவர் கையில் கொடுக்கலாமா?

கூடாது. 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு ஒன்று இதைக் கசப்பாகச் சொல்கிறது. அலகாபாத்தில் அந்நாளைய இம்பீரியல் வங்கியில் கணக்கு வைத்திருந்த குடும்பம், அண்டை வீட்டுக்காரரும் நண்பருமான வங்கி ஊழியரிடம் பணத்தைக் கொடுத்துக் கணக்கில் போடச் சொன்னது. அவர் கையாடிவிட்டார். இம்பீரியல் வங்கிக்குப் பின்வந்த பாரத ஸ்டேட் வங்கி அந்தப் பணத்துக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தை வாங்கும்போது அவர் வங்கி ஊழியராக வாங்கவில்லை, நண்பராக வாங்கினார் என்பதே காரணம். ஊழியர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் பணம் கவுன்ட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

## காகிதத்தைக் காப்பாற்றும் முறை

கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பழைய நூல்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இன்று அது இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குத் துண்டுச் சீட்டின் அருமையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் மிஷின் சீட்டு பழைய நோட்டீஸ் மாதிரி நூறு ஆண்டு நிற்காது. அது வெப்பத்தில் எழுத்து தோன்றும் தாள். ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஒரு சித்திரை மதியம் கிடந்தால் முழுக்கக் கறுத்துவிடும். சும்மா வைத்திருந்தாலும் சில மாதத்தில் வெளுத்துவிடும்.

- வாங்கிய அன்றே போனில் படம் எடுங்கள்; ஒரு ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள்.
- லாமினேஷன் செய்யாதீர்கள். அந்தச் சூட்டிலேயே எழுத்து போய்விடும்.
- எழுத்தின் மேல் செல்லோடேப் ஒட்டாதீர்கள்.
- மூலச் சீட்டை வங்கியிடம் கொடுக்காதீர்கள். நகலைக் கொடுத்து, மூலத்தைக் காட்டினால் போதும்.

## புகார்: வரிசைப்படி

படி 1. அன்றைக்கே அல்லது மறுநாள். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். மிஷினில் தடங்கல் வந்த பணம் சில சமயம் ஓரிரு வேலை நாளில் தானாகவே ஏறிவிடும். ஏறட்டும், அதற்காகப் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 2. கணக்கு எந்தக் கிளை, மிஷின் எந்தக் கிளை என்று பாருங்கள். கணக்குள்ள கிளையில் புகார் கொடுங்கள். மிஷின் வேறு கிளையுடையது என்றால் ஒரு பிரதியை அங்கேயும் கொடுங்கள். பெட்டியைத் திறந்து எண்ணப்போவது அவர்கள்தான்.

படி 3. எழுத்தில் கொடுங்கள். தமிழில் எழுதலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெறப்பட்டது' என்று தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஒப்புகை வாங்குங்கள்.

படி 4. குறிப்பிட்ட பதிவுகளைக் கேளுங்கள். 'என் பணத்தைக் கொடுங்கள்' என்று மட்டும் எழுதினால் 'விசாரித்தோம், பிழை இல்லை' என்று மட்டும் பதில் வரும். கேட்க வேண்டியவை:

- மிஷின் என்றால்: அந்த நிமிடத்தின் மின்னணுப் பதிவு. வங்கியில் இதை 'ஈ.ஜே. லாக்' என்பார்கள். நோட்டு உள்ளே போனது, எண்ணியது, சிக்கியது எல்லாம் வரிவரியாக அதில் இருக்கும்.
- அந்த மிஷினை அடுத்து எப்போது திறந்து எண்ணினார்கள், கணக்குக்கு மேல் ரொக்கம் இருந்ததா என்ற விவரம்.
- கவுன்ட்டர் என்றால்: வங்கி வசம் உள்ள செலான் பகுதி, அன்றைய கேஷியர் ரொக்கப் பதிவு.
- இரண்டுக்கும்: கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்கும்படி கோரிக்கை. பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் கேட்டதற்கே பலன் இருக்காது. பதிவை உங்கள் கையில் தர வங்கி மறுக்கலாம். பாதுகாக்கச் சொன்னதற்கு எழுத்து இருந்தால், பிற்பாடு விசாரிப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க முடியும்.

படி 5. பணம் உங்களிடம் இருந்ததற்கு ஆதாரம் சேருங்கள். அன்றைய விற்பனைப் புத்தகம், பில் கட்டு, வேறு வங்கியில் எடுத்த பதிவு, நகை அடகு ரசீது என்று எது இருக்கிறதோ அது. பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டினால் பான் எண் கேட்கலாம். பெரிய தொகைக்குக் கணக்கு இருப்பது எப்படியும் நல்லது.

படி 6. வாரம் ஒருமுறை நினைவூட்டுங்கள். கிளையில் பதில் இல்லையென்றால், பத்தாம் நாள் வங்கியின் இணையதளத்திலும் வட்டார அலுவலகத்திலும் அதே புகாரைப் பதியுங்கள். பழைய புகார் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

### மாதிரிக் கடிதம்

> கிளை மேலாளர் அவர்களுக்கு,
>
> பொருள்: ரொக்கம் கட்டியும் கணக்கில் வரவு வைக்கப்படாதது.
>
> ஐயா / அம்மா,
>
> என் சேமிப்புக் கணக்கு எண் ......... . ......... தேதி இரவு ..... மணிக்கு, ......... இடத்தில் உள்ள தங்கள் டெபாசிட் மிஷினில் (மிஷின் எண் .........) ரூ. 25,000 செலுத்தினேன். நோட்டு விவரம்: 500 × 48, 200 × 5. மிஷின் நோட்டுகளைப் பெற்றுக்கொண்டது. வரவும் வைக்கவில்லை, திருப்பியும் தரவில்லை. சீட்டின் நகல் இணைத்துள்ளேன். போன் புகார் எண் ......... .
>
> அந்தப் பரிவர்த்தனையின் மின்னணுப் பதிவையும், மிஷினின் ரொக்கக் கணக்கையும் சரிபார்த்து என் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன். அன்றைய கேமரா பதிவை இந்தப் புகார் முடியும்வரை பாதுகாக்கவும். கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும்.
>
> இப்படிக்கு,

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எழுத்தில் வந்த மறுப்பு அடுத்த படிக்கு நுழைவுச் சீட்டு.

## வங்கி கைவிரித்தால்

1. ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் இங்கே போகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுமைக்கும் ஒரே முறைதான். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். எனும் புகார் இணையதளத்தில் பதியலாம். தபாலில் என்றால் ரிசர்வ் வங்கி, 4-வது மாடி, செக்டர் 17, சண்டிகர் – 160017. சந்தேகம் கேட்க 14448-க்கு அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். கட்டணம் கிடையாது. வக்கீலை வைத்து வாதாடும் இடமும் இல்லை, நீங்களே எழுதலாம். காலக்கெடு உண்டு என்பதால் வங்கியின் பதில் வந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள்.

2. தகவல் உரிமை மனு. பொதுத்துறை வங்கி என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். உங்கள் புகாரின் மேல் யார், எந்தத் தேதியில், என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் வங்கியிடம் இந்த வழி செல்லாது.

3. நுகர்வோர் ஆணையம். நம் பக்கத்தவர் சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆலோசனைக்கு 1915. ஒரே விஷயம் நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ நடந்துகொண்டிருந்தால் குறைதீர்ப்பாளர் புகாரை ஏற்கமாட்டார். எனவே முதலில் குறைதீர்ப்பாளர், பிறகு ஆணையம்.

4. போலீஸ். போலிச் சீல், திருத்திய பாஸ்புக், கையாடல் என்ற சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தால் மட்டும். போலீஸ் விசாரணை நடப்பது குறைதீர்ப்பாளரிடம் போவதைத் தடுக்காது.

## வங்கி அல்லாத இடங்கள்

- கூட்டுறவுக் கடன் சங்கம்: ஊரில் 'சொசைட்டி பேங்க்' என்றாலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரின் கீழ் வராது. கூட்டுறவுத் துறையின் துணைப்பதிவாளரிடம் எழுத வேண்டும்.
- அஞ்சலகச் சேமிப்பு: முதலில் போஸ்ட்மாஸ்டர், பிறகு அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளர். பணம் கட்டியதும் பாஸ்புக்கில் பதிவும் முத்திரையும் வாங்கிவிட்டே நகருங்கள்.
- வங்கி முகவர்: கையடக்க மிஷினில் அச்சான சீட்டு வேண்டும், குறுஞ்செய்தியும் வர வேண்டும். 'நெட் இல்லை, அப்புறம் போட்டுவிடுகிறேன்' என்றால் பணத்தைத் திரும்ப வாங்குங்கள். முகவர் எந்த வங்கிக்கு வேலை செய்கிறாரோ அந்த வங்கியிடம் புகார் கொடுங்கள்.
- மகளிர் சுயஉதவிக் குழு: பணம் கட்டிய செலானை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி, எல்லாரும் கையெழுத்திடுங்கள். நம்பிக்கை குறைவதற்காக இல்லை. பணம் கொண்டுபோகும் பெண்மேல் நாளைக்குப் பழி வராமல் இருப்பதற்காக.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. வாய்வழிப் புகார். "மேனேஜர்கிட்ட சொல்லியாச்சு" என்பது புகார் ஆகாது. அவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போவார்.
2. தவறான விதியைக் காட்டுவது. ஐந்து நாளில் திருப்பித் தராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் என்ற ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு, ஏ.டி.எம்.மில் எடுக்கும்போது பணம் வராமல் கணக்கில் கழிந்ததற்கானது. மிஷினில் போட்ட பணத்துக்கு வங்கியின் சொந்த இழப்பீட்டுக் கொள்கைப்படி கேளுங்கள்.
3. தொகையைக் கூட்டிச் சொல்வது. அலைந்த செலவையும் சேர்த்து 25,000-ஐ 27,000 ஆக்கினால், மிஷினில் கூடுதலாக இருக்கும் 25,000-மும் உங்களுடையது இல்லை என்றாகிவிடும்.
4. செலானில் அவசரம். வேறு கணக்கில் ஏறியது உங்கள் கை எழுத்துப் பிழையால் என்றால், திரும்ப வருவது அந்தக் கணக்குக்காரரின் சம்மதத்தைப் பொறுத்ததாகிவிடும்.

## பாதுகாப்பு

- வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். பணம் சிக்கியவர் பதற்றத்தில் தேடுவார் என்று போலி எண்களைப் போட்டுக் காத்திருக்கும் கூட்டம் உண்டு.
- பணத்தைத் திருப்பித் தர ஓ.டி.பி., பின் நம்பர், கார்டின் பின்புற எண் எதுவும் தேவையில்லை. கேட்டால் போனை வையுங்கள்.
- போனில் ஏதாவது செயலி இறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.
- ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள்.
- இரவில் பெரிய தொகையோடு தனியே மிஷினுக்குப் போகாதீர்கள். காவலாளி உள்ள அறையாகப் பாருங்கள். உதவுகிறேன் என்று வருபவர் கையில் நோட்டுக் கட்டைக் கொடுக்காதீர்கள்.

## இன்று மாலை ஒரு வேலை

மேசை டிராயரில் கிடக்கும் கடந்த ஆறு மாதச் செலான்களையும் மிஷின் சீட்டுகளையும் எடுங்கள். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் நேராக ஒரு டிக் போடுங்கள். அரை மணி நேர வேலை. எல்லாம் ஒத்துப்போனால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு சீட்டுக்கு நேராக வரவு இல்லையென்றால், மாதிரிக் கடிதத்தை இன்று இரவே நிரப்பி வைத்து, காலையில் வங்கி திறக்கும்போது இரண்டு பிரதியோடு வாசலில் நில்லுங்கள்.